கூட்டும்போது குறியைப் பாருங்கள்: அலைகள் பற்றி வாசகர் கேள்விகள்

அலைகள் பாடத்தை ஒட்டி வந்த கேள்விகளிலிருந்து ஏழை இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டோம். இரண்டு அலைகள் சந்தித்தால் அவற்றைக் கூட்ட வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. எதைக் கூட்டுகிறோம், அது கூட்டல் குறியா கழித்தல் குறியா என்ற இடத்தில்தான் பலரும் தடுமாறுகிறார்கள்.

கயிற்றின் இரு முனையிலிருந்தும் ஒரே அளவுள்ள அலைத்துடிப்புகள் வருகின்றன. ஒன்று மேல்நோக்கியது, மற்றது கீழ்நோக்கியது. நடுவில் சந்திக்கும்போது ஒரு கணம் கயிறு நேர்கோடாகிவிடுகிறது. அந்தக் கணத்தில் ஆற்றல் எங்கே போகிறது? நேராகிவிட்ட கயிற்றிலிருந்து இரண்டு துடிப்புகளும் மறுபடி எப்படிப் பிறக்கின்றன?
— பிளஸ் ஒன் மாணவி, திண்டுக்கல்

கயிறு நேராக இருக்கிறது, ஆனால் சும்மா இருக்கவில்லை. புகைப்படத்தில் வடிவம் மட்டும்தான் தெரியும், வேகம் தெரியாது. குழப்பத்துக்குக் காரணமும் அதுதான்.

ஓடும் துடிப்பு ஒவ்வொன்றிலும் ஆற்றல் சரிபாதியாகப் பிரிந்திருக்கும். கயிறு வளைந்து நீண்டிருப்பதால் பாதி நிலை ஆற்றல். அதன் துகள்கள் மேலும் கீழும் நகர்வதால் பாதி இயக்க ஆற்றல். எதிரெதிர்த் துடிப்புகள் சரியாக ஒன்றன்மேல் ஒன்று விழும்போது இடப்பெயர்ச்சிகள் எதிர்க் குறியில் சேர்ந்து சுழியாகின்றன. ஆனால் துகள்களின் திசைவேகங்கள் ஒரே குறியில் சேர்ந்து இரட்டிப்பாகின்றன. ஏனென்றால் துடிப்பின் வடிவமும் தலைகீழ், அது ஓடும் திசையும் தலைகீழ். இரண்டு முறை குறி மாறினால் பழைய குறியே வந்துவிடும். வேகம் இரட்டித்தால் இயக்க ஆற்றல் நான்கு மடங்கு. ஒரு துடிப்பின் மொத்த ஆற்றலை 2 அலகு என்று வைத்தால், அதில் இயக்க ஆற்றல் 1. சந்திப்பில் அது 4 ஆகிறது. இரண்டு துடிப்புகளின் மொத்த ஆற்றலும் அதே 4 தான். துளியும் குறையவில்லை. இரண்டு துடிப்புகளும் மேல்நோக்கியவையாக இருந்தால் கதை அப்படியே திரும்பும்: உயரம் இரட்டிப்பாகி, வேகம் சுழியாகி, நாலு அலகும் நிலை ஆற்றலாக நிற்கும்.

இதைக் கண்ணால் பார்க்கலாம். ஸ்லிங்கி சுருளை வழுவழுப்பான தரையில் 4 அல்லது 5 மீட்டருக்கு இழுத்து வையுங்கள். இரு முனையிலும் ஆளுக்கொருவர் உட்கார்ந்து, ஒரே நேரத்தில் பக்கவாட்டில், ஒருவர் வலப்பக்கம் என்றால் எதிரில் இருப்பவரின் உதறல் அதற்கு எதிர்ப்பக்கம் போகும்படி, ஒரே அளவில் உதற வேண்டும். நடு வளையத்தில் சிவப்பு நூல் கட்டி, மேலிருந்து செல்போனில் ஸ்லோ மோஷனில், நொடிக்கு 240 ஃபிரேம் இருந்தால் நல்லது, படமெடுங்கள். நூல் கட்டிய வளையம் ஏறக்குறைய அசையாது. சுருள் நேராகும் ஃபிரேமிலோ அதன் இருபுறமும் வளையங்கள் எதிரெதிர்ப் பக்கமாகப் பாய்வதால் மங்கலாகப் பதிந்திருக்கும். அந்த மங்கல்தான் நீங்கள் தேடிய ஆற்றல். உதறல்கள் சமமாக இல்லாவிட்டால் நூலும் நகரும். நாலைந்து முறை பழகினால் சரியாக வரும்.

நடு வளையம் அசைவதே இல்லை என்பதால், அதை ஒருவர் விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டாலும் எதுவும் மாறாது. அப்போது இடப்பக்கம் இருப்பவர் பார்ப்பது என்ன? தான் அனுப்பிய துடிப்பு பிடித்த இடத்தில் மோதித் தலைகீழாகத் திரும்புவதை. கட்டிவைத்த முனையில் அலை ஏன் தலைகீழாகிறது என்ற கேள்விக்கு, மனப்பாடம் இல்லாமல், இதே பதில் போதும்.

இசைக்கவையை (ஒரு காம்பில் இரு புயங்கள் உள்ள உலோகக் கவை) தட்டிக் காதருகே வைத்து மெல்லச் சுழற்றினால் ஒலி கூடிக் குறைகிறது. கவை பழுதா?
— ஆய்வக உதவியாளர், தஞ்சாவூர்

நல்ல கவைதான். காம்பைச் செங்குத்தாகப் பிடித்து ஒரு முழுச் சுற்றுச் சுற்றுங்கள். நான்கு இடங்களில் ஒலி அடங்கும், ஏறக்குறைய மூலைவாட்டுத் திசைகளில். கவையின் இரு புயங்களும் ஒரே சமயத்தில் விலகும், ஒரே சமயத்தில் நெருங்கும். விலகும்போது வெளிப்பக்கக் காற்று இறுகுகிறது. புயங்களுக்கு நடுவே காற்று தளர்கிறது. ஆக, புயங்களுக்கு வெளிப்பக்கமாக இறுக்கமும், இடைவெளி வழியாகத் தளர்ச்சியும் ஒரே நேரத்தில் கிளம்புகின்றன. இரண்டும் சமமாகக் கலக்கும் மூலைத் திசைகளில் கூட்டுத்தொகை ஏறக்குறைய சுழி.

ஒலி அடங்கிய நிலையில் கவையை அசைக்காமல் வைத்துக்கொண்டு, சுருட்டிய காகிதக் குழாயை ஒரு புயத்தின்மேல் தொடாமல் இறக்குங்கள். ஒரு பகுதியை மறைத்தவுடன் ஒலி திரும்ப வந்துவிடும். ஒலி மூலத்தைப் பாதி மூடினால் சத்தம் கூடுவதை வகுப்பில் ஒருமுறை காட்டினால் மாணவர்கள் மறக்க மாட்டார்கள். அலைகள் இப்படிக் கூடியும் கழிந்தும் போகும் குறுக்கீட்டு விளைவைக் காட்ட இதைவிட மலிவான செய்முறை எங்களுக்குத் தெரிந்து இல்லை.

512 ஹெர்ட்ஸ் இசைக்கவையை வைத்து ஒத்ததிர்வுத் தம்பச் சோதனை (குழாயில் நீர்மட்டத்தை மாற்றி, எந்தக் காற்று நீளத்தில் கவையின் ஒலி பெருகுகிறது என்று பார்ப்பது) செய்தேன். முதல் ஒத்ததிர்வு 16.1 செ.மீ நீளத்தில் வந்தது. நான்கால் பெருக்கி அலைநீளம் எடுத்ததில் ஒலியின் வேகம் 330 மீ/வி கிடைத்தது. புத்தகத்தில் 331 என்று இருக்கிறது. ஆனாலும் ஆசிரியர் முறை தவறு என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். ஏன்?
— பிளஸ் ஒன் மாணவர், விருதுநகர்

ஆசிரியர் செய்தது சரி. உங்கள் விடையில் இரண்டு பிழைகள் ஒன்றையொன்று மறைத்துக்கொண்டிருக்கின்றன.

புத்தகத்தில் உள்ள 331 என்பது 0 டிகிரி செல்சியஸில் உள்ள வேகம். வெப்பநிலை ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறத்தாழ 0.6 மீ/வி கூடும். உங்கள் ஆய்வகம் 30 டிகிரியில் இருந்திருந்தால் வேகம் சுமார் 349 மீ/வி. அதாவது உங்கள் விடை 19 மீ/வி குறைவு.

ஏன் குறைந்தது? எதிர்க்கணு, அதாவது காற்று மிக அதிகமாக அசையும் இடம், குழாயின் வாயில் சரியாக உட்காருவதில்லை; சற்று வெளியே, குழாயின் உள்விட்டத்தில் 0.3 மடங்கு தூரத்தில் இருக்கும். 3 செ.மீ உள்விட்டக் குழாய்க்கு இது 0.9 செ.மீ. நீங்கள் அளந்த 16.1 உடன் இந்த முனைத்திருத்தத்தைச் சேர்த்தால் 17.0 செ.மீ. அதுதான் உண்மையான கால் அலைநீளம். 16 செ.மீ நீளத்தில் 0.9 செ.மீ விடுபட்டால் ஐந்து சதவீதத்துக்கு மேல் பிழை வரும்.

விட்டத்தை அளக்காமலேயே திருத்தத்தை ஒழிக்க ஒரு வழி: நீர்மட்டத்தை இன்னும் இறக்கி இரண்டாம் ஒத்ததிர்வையும் பிடியுங்கள். அது 50.2 செ.மீ பக்கத்தில் வரும். இரண்டு நீளங்களிலும் ஒரே திருத்தம் இருப்பதால் கழித்தால் போய்விடும். மிஞ்சுவது அரை அலைநீளம்: 50.2 − 16.1 = 34.1 செ.மீ. வேகம் = 2 × 512 × 0.341 = 349 மீ/வி.

குழாயில் நீரை மேலே ஏற்றிவைத்துத் தொடங்கி மெதுவாக இறக்குங்கள். கீழிருந்து தொடங்கினால் இரண்டாம் ஒத்ததிர்வை முதலாவது என்று எடுத்துக்கொள்ளும் ஆபத்து உண்டு. சரிபார்க்க, இரண்டாம் நீளத்தை முதல் நீளத்தால் வகுத்துப் பாருங்கள். 3-ஐ விடச் சற்றுக் கூடுதலாக, இங்கே 3.1 என, வர வேண்டும். 3-க்குக் கீழே வந்தால் ஏதோ ஒரு அளவீடு தவறு. கவையை ரப்பர் கட்டையில் மட்டும் தட்டுங்கள். மேசை விளிம்பில் ஓங்கித் தட்டினால் அடிப்படை அதிர்வோடு, அதன் ஆறு மடங்குக்கும் மேலான அதிர்வெண்ணில் கணீரென்று ஒரு மேற்சுரமும் எழும். அது குழாயில் வேறெங்கோ ஒத்ததிர்ந்து காதை ஏமாற்றும். கவையின் புயங்கள் படுக்கைவாட்டில், ஒன்றன்மேல் ஒன்றாக, குழாயின் வாய்க்கு ஒன்றிரண்டு செ.மீ மேலே இருக்கட்டும். புயம் வாயில் பட்டால் கவையும் கெடும், குழாயும் உடையும்.

ஒத்ததிர்வு ஒரு புள்ளியில் வந்து மறைவதில்லை. சில மில்லிமீட்டர் அகலத்தில் பரவியிருக்கும். ஆகவே மட்டம் இறங்கும்போது ஒரு அளவீடு, ஏறும்போது ஒரு அளவீடு எடுத்துச் சராசரி காணுங்கள். நீள வித்தியாசத்தில் 1 மி.மீ தவறினால் விடையில் 1 மீ/வி தவறும். குழாய்க்குள் காற்று ஈரமாக இருப்பதாலும் வேகம் ஒன்றிரண்டு மீட்டர் கூடும். எனவே 347 முதல் 352 வரை எது வந்தாலும் உங்கள் சோதனை நன்றாகவே நடந்திருக்கிறது. விடையோடு அறை வெப்பநிலையை எழுத மறக்காதீர்கள். வெப்பநிலை இல்லாத ஒலி வேகம் பாதி விடைதான்.

மூடிய முனையில் கணு, அங்கே அதிர்வே இல்லை என்கிறார்கள். ஆனால் குழாயின் அடியில் சிறிய மைக் வைத்தால் அங்கேதான் ஒலி அதிகம் பதிவாகிறது. திறந்த முனையில் தடுக்க எதுவுமே இல்லையே, அலை எதில் மோதித் திரும்புகிறது?
— இயற்பியல் ஆசிரியை, மட்டக்களப்பு

பாடநூல் வரையும் படம் துகள்களின் இடப்பெயர்ச்சியைக் காட்டுகிறது. சாதாரண மைக்கும் காதும் உணர்வது அழுத்த மாற்றத்தை. இடப்பெயர்ச்சிக் கணு இருக்கும் இடத்தில் இருபுறக் காற்றும் மாறி மாறி நெருங்கி விலகுவதால் அழுத்தம் மிக அதிகமாக ஏறி இறங்கும். அதாவது அது அழுத்தத்தின் எதிர்க்கணு. படத்தின் கீழே எது வரையப்பட்டிருக்கிறது என்று எழுதிவிட்டாலே இந்தச் சிக்கல் வராது.

திறந்த முனையில் சுவர் இல்லைதான். ஆனால் அங்கே அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்துக்குக் கட்டுப்பட்டது. குழாய்க்குள் வந்த இறுக்கம் வாயை அடைந்ததும் எல்லாப் பக்கமும் விரிந்துவிடுகிறது. வேகத்தோடு வெளியேறிய காற்று கொஞ்சம் அதிகமாகவே போய்விட, வாயில் தளர்ச்சி உண்டாகி அது குழாய்க்குள் திரும்புகிறது. திறந்த முனையில் அழுத்த அலை தலைகீழாகும், இடப்பெயர்ச்சி அலை அப்படியே திரும்பும். மூடிய முனையில் இதற்கு நேர்மாறு. விரிவு வாயைக் கடந்தே முழுமையாக நடப்பதால்தான் முன்பு சொன்ன 0.3 மடங்குத் திருத்தம் வருகிறது.

256 ஹெர்ட்ஸ் கவையோடு, அதிர்வெண் தெரியாத கவையை ஒலித்தால் நொடிக்கு 4 விம்மல்கள் (ஒலி கூடிக் குறைவது). தெரியாத கவையில் மெழுகு ஒட்டிய பிறகும் அதே 4 விம்மல்கள். இப்படி ஒரு கணக்கு வந்தது. கேள்வியே தவறா?
— போட்டித் தேர்வுக்குப் படிப்பவர், சேலம்

கேள்வி சரி. 4 விம்மல் என்றால் தெரியாத கவை 252 அல்லது 260. விம்மல் எண்ணிக்கை வித்தியாசத்தின் அளவைச் சொல்லும், குறியைச் சொல்லாது. மெழுகு நிறையைக் கூட்டி அதிர்வெண்ணைக் குறைக்கும். 252-லிருந்து குறைந்தால் விம்மல்கள் கூடத்தான் முடியும். 260-லிருந்து இறங்கி, 256-ஐத் தாண்டி 252-க்குப் போயிருந்தால் மட்டுமே மறுபடி 4 வரும். விடை 260.

ஆய்வகத்தில் இதே விஷயம்தான் ஆளை ஏமாற்றும். ஒரே தடவையில் நிறைய மெழுகு அப்பினால் மறுபக்கம் தாண்டியது தெரியாமல் போகும். கடுகளவு எடுத்துப் புயத்தின் நுனிக்கருகில் ஒட்டி எண்ணுங்கள். பிறகு இன்னும் கொஞ்சம். நுனியில் அசைவு அதிகம், அதனால் அங்கே விளைவும் அதிகம். காம்புக்கருகில் ஒட்டினால் ஏறக்குறைய ஒன்றும் ஆகாது. ஒரு நொடிக்கு எண்ண முயலாமல் 10 நொடிக்கு எண்ணி வகுத்துக்கொள்ளுங்கள். இரண்டு கவைகளும் ஒரே அளவு சத்தமாக இருந்தால்தான் விம்மலின் தாழ்வு முழுதாக அடங்கித் தெளிவாகக் கேட்கும். நொடிக்குப் பத்துக்கு மேல் போனால் எண்ண முடியாது. ஒலி கரகரப்பாகத்தான் தெரியும்.

புதிதாக இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகள் வாங்கி மாட்டினேன். ஒன்றை மட்டும் ஓடவிட்டால் பேஸ் நன்றாக இருக்கிறது. இரண்டையும் சேர்த்தால் பேஸ் குறைகிறது. கூடத்தானே வேண்டும்?
— வாசகர், கோலாலம்பூர்

ஒரு பெட்டியில் சிவப்பு, கறுப்பு ஒயர்கள் இடம் மாறியிருக்கின்றன என்பதே எங்கள் முதல் சந்தேகம். ஒரு கூம்பு முன்னே தள்ளும்போது மற்றது பின்னே இழுக்கிறது. 60 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 5.8 மீட்டர், பெட்டிகளுக்கு இடையே 2 மீட்டர்தான் இருக்கும். அதனால் அறையின் பெரும்பகுதியில் இறுக்கமும் தளர்ச்சியும் ஒன்றாக வந்து கழிந்துவிடும். 3000 ஹெர்ட்ஸுக்கு அலைநீளம் 12 செ.மீ கூட இல்லை. தலையைக் கொஞ்சம் அசைத்தாலே கழிவது கூட்டலாக மாறிவிடும். எனவே பாட்டு கேட்கும், மிருதங்கத்தின் தொப்பி மட்டும் காணாமல் போகும்; பாடுபவரின் குரல் நடுவிலிருந்து வராமல் எங்கிருந்தோ வருவதுபோல் இருக்கும்.

ஆம்ப்ளிஃபயரை அணைத்துவிட்டு ஒரு பெட்டியின் இரண்டு ஒயர்களை மட்டும் மாற்றுங்கள். பேஸ் வந்துவிட்டால் வேலை முடிந்தது. எந்தப் பெட்டி தவறு என்று அறிய, ஒயரைக் கழற்றி, 1.5 வோல்ட் பேட்டரியின் கூட்டல் முனையைச் சிவப்பிலும் மற்றதைக் கறுப்பிலும் ஒரு கணம் தொட்டு எடுங்கள். பேஸ் கூம்பு வெளியே வர வேண்டும். உள்ளே போனால் அந்தப் பெட்டியின் உள் ஒயரிங் மாறியிருக்கிறது. தொட்டபடியே வைத்திருக்காதீர்கள், சுருள் சூடாகும்.

2004 சுனாமியின்போது ஆழ்கடலில் இருந்த படகுகளுக்கு ஒன்றும் தெரியவில்லை, கரையில்தான் அத்தனை அழிவு. அலை கரைக்கு வந்து புதிதாக ஆற்றல் பெற்றதா?
— வாசகர், நாகப்பட்டினம்

பெறவில்லை, அதே ஆற்றல் சிறிய இடத்தில் நெருக்கப்பட்டது. சுனாமியின் அலைநீளம் நூறு கிலோமீட்டருக்கும் மேல் போகும். அந்த நீளத்தோடு ஒப்பிட்டால் 4 கி.மீ ஆழமுள்ள கடலே மேலோட்டமான தண்ணீர்தான். அப்படிப்பட்ட அலையின் வேகத்தை ஆழம் தீர்மானிக்கிறது: புவியீர்ப்பு முடுக்கத்தையும் ஆழத்தையும் பெருக்கி வர்க்கமூலம் எடுக்க வேண்டும். 4000 மீட்டர் ஆழத்தில் 198 மீ/வி, அதாவது மணிக்கு 700 கி.மீக்கு மேல். 10 மீட்டர் ஆழத்தில் மணிக்கு 36 கி.மீ.

நிலநடுக்கம் நடந்து சுமார் இரண்டு மணி நேரத்தில் வங்காள விரிகுடாவின் மேலே சென்ற ஜேசன்-1 செயற்கைக்கோள், ஆழ்கடலில் அலை உயரத்தைச் சுமார் 60 செ.மீ என்று பதிவு செய்தது. பல நிமிடங்களில் மெல்ல அறுபது செ.மீ ஏறும் கடலைப் படகில் இருப்பவர் உணர வழியே இல்லை. கரையை நெருங்கும்போது முன்பகுதி மெதுவாகிறது, பின்பகுதி வேகமாக வந்து நெருக்குகிறது. அதிர்வெண் மாறாது, அலைநீளம் இருபதில் ஒரு பங்காகச் சுருங்கும். உயரம் ஆழ விகிதத்தின் நான்காம் மூலப்படி வளரும்: 4000-லிருந்து 10 மீட்டருக்கு வந்தால் ஏறக்குறைய 4.5 மடங்கு. அதற்குமேல் கரையின் வடிவமும் சரிவும் சேர்ந்து ஊருக்கு ஊர் உயரத்தை மாற்றின.

இங்கும் குறி முக்கியம். அன்று கடல்தரை உயர்ந்த மேற்குப் பக்கத்துக்கு, அதாவது இலங்கைக்கும் இந்தியாவுக்கும், முதலில் முகடு (அலையின் உயர்ந்த பகுதி) வந்தது. தரை தாழ்ந்த கிழக்குப் பக்கத்தில், தாய்லாந்தில், முதலில் அகடு (தாழ்ந்த பகுதி) வந்து கடல் உள்வாங்கியது. கடல் உள்வாங்கினால் உடனே ஓட வேண்டும் என்பது சரி. உள்வாங்கவில்லை, ஆகவே ஆபத்தில்லை என்பது மிகத் தவறு. எச்சரிக்கை வந்தால் கடலைப் பார்த்து உறுதிசெய்யக் காத்திருக்காமல் மேடான இடத்துக்குப் போய்விட வேண்டும். முதல் அலை வடிந்ததும் திரும்பி வரக்கூடாது. அடுத்த முகடு இருபது, முப்பது நிமிடம் கழித்தும் வரலாம், முதலாவதைவிடப் பெரிதாகவும் இருக்கலாம்.